பழைய வண்டியும் நெடும்பாதையும்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதிக்குச் செல்வோர், சுரங்கவாயின் மேல் இன்றும் நிற்கும் இரும்புக் கோபுரங்களைக் காணலாம். ஒரு காலத்தில் அக்கோபுரங்களின் உச்சியில் சக்கரங்கள் இரவும் பகலும் சுழன்றன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு மனிதரை இறக்கின. அவர்களோடு பொன் கலந்த பாறையையும் மேலே கொணர்ந்தன. யந்திரங்களுட் பல இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. அவற்றை ஓட்டிய கைகளும் பழுது பார்த்த கைகளும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடிபெயர்ந்து வந்த தமிழ்மக்களின் கைகளே.

அந்த ஊரில், சுரங்கப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் நாம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு மோட்டார் வண்டிகளைப் பற்றித் திரும்பியது. 1950-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஓர் ஆங்கிலேய வண்டியில், 2023-ஆம் ஆண்டில் அகமதாபாத்துக் குடும்பம் ஒன்று இங்கிலாந்துக்குச் சென்றடைந்த செய்தியை அவருக்குக் கூறினோம். அவர் வண்டியின் விலையைக் கேட்கவில்லை. அதன் வேகத்தையும் கேட்கவில்லை. "ஏன் தம்பி, நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் யார் கையை நம்பி இவர்கள் புறப்பட்டார்கள்?" என்று மட்டுமே கேட்டார்.

பழைய மோட்டார் வண்டிகளில் ஐரோப்பாவைக் கடந்து செல்லும் நெடும் பிரயாணங்களைப் பற்றி எத்தனையோ செய்திகள் வருகின்றன. அவற்றுள் மலைகளும் மாளிகைகளும் இடம்பெறும். பெரியவர் கேட்ட கேள்வி பெரும்பாலும் இடம்பெறாது. அக்கேள்வியையே வழிகாட்டியாகக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அந்த அகமதாபாத் வண்டியைப் பற்றிக் கூறவேண்டும். அது எம்.ஜி. என்னும் நிறுவனத்தார் செய்த 'ஒய்.டி.' என்ற மேற்கூரையற்ற வகை. அவ்வகையில் தொள்ளாயிரத்திற்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டன. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற இருவர் அமரும் பந்தய வகை வண்டிகளின் எஞ்சினே இதற்கும் பொருத்தப்பட்டது. 1,250 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின் அது. எம்.ஜி. வண்டிகள் 1929 முதல் 1980 வரை இங்கிலாந்திலுள்ள அபிங்டன் என்னும் ஊரில் உருவாயின. பிறந்த ஊருக்கே வண்டியைக் கொண்டு செல்வது என்பது அக்குடும்பத்தாரின் எண்ணம். 'லால் பரி', அதாவது செந்நிறத் தேவதை என்று பெயரிட்ட அவ்வண்டியில் மூன்று தலைமுறையினர் சென்றனர். கடலைக் கப்பலிலும், பின்னர் மேற்கு ஆசியாவையும் ஐரோப்பாவையும் சாலையிலுமாகக் கடந்து அபிங்டனை அடைந்தனர். சுமார் 13,500 கிலோமீட்டர், 73 நாட்கள்.

இக்கணக்கை நாம் வகுத்துப் பார்த்தல் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 185 கிலோமீட்டர்தான் வரும். தங்கவயலிலிருந்து சென்னைக்குள்ள தொலைவைவிட இது குறைவு. புதிய வண்டிகளில் நம்மவர் அத்தொலைவைக் காலையுணவுக்கும் நண்பகலுணவுக்கும் இடையில் கடந்துவிடுகின்றனர். ஆயினும் எழுபது வயது கடந்த ஒரு வண்டி நாள்தோறும் அவ்வளவு தூரம் தவறாமல் செல்லவேண்டுமென்றால், இரவில் தங்கும் இடங்களிலெல்லாம் ஒருவர் அதன் முன் குனிந்து நின்றிருத்தல் வேண்டும். எண்ணெய் அளவு, நீர் அளவு, சக்கரங்களின் காற்று, தளர்ந்த திருகுகள் ஆகியவற்றை அவர் பார்த்திருத்தல் வேண்டும். நெடும் பிரயாணத்தின் இரகசியம் அங்கேதான் தொடங்குகிறது.

மோட்டார் வண்டியின் முதல் நெடும் பிரயாணமும் இதையே கூறுகிறது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் இரு புதல்வர்களுடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையில் துணி வெளுக்கப் பயன்படும் ஒருவகை எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். இறக்கங்களில் பிரேக்குக் கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைப்பவர் ஒருவரைக்கொண்டு அவற்றின்மேல் தோலை ஆணியடித்துப் பொருத்தினார். இன்று எல்லா வண்டிகளிலும் உள்ள பிரேக்குப் பட்டைகளுக்கு அத்தோல் துண்டே முன்னோடி எனலாம். ஆக, அந்த முதற் பிரயாணமே ஒரு பழுதுபார்க்கும் பிரயாணமாக அமைந்தது.

அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1907-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், பெக்கிங்கிலிருந்து பாரிஸ் நகரை நோக்கி ஐந்து வண்டிகள் கிளம்பின. முதலாவதாகச் சென்றடைந்தது இத்தாலிய இளவரசர் போர்கேசேயின் 'இதாலா' என்னும் வண்டி. இரண்டு மாதங்களில் அது கோபிப் பாலைவனத்தையும் சைபீரியாவையும் கடந்தது. மரச் சக்கரமொன்று வழியில் உடைந்தபோது, இரஷ்ய நாட்டுக் கைவினைஞர் ஒருவர் தம் சிற்றூர்ப் பட்டறையில் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார். வெற்றியின் புகழ் இளவரசருக்குச் சென்றது. பிரயாண நூலை எழுதிய பத்திரிகையாளர் பார்சினிக்கும் சென்றது. அவர்களுடன் வந்து ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் காத்த எத்தோரே குய்சார்தி என்னும் மெக்கானிக்கின் பெயரை அறிந்தோர் சிலரே. பெரியவர் கேட்ட கேள்விக்கு 1907-இன் விடை அவர்தாம்.

இடையில் வேகத்தின் மீது ஐரோப்பா பெருமோகம் கொண்டது. இத்தாலியில் பிரேஷா நகரில் தொடங்கி, உரோமாபுரி வரை சென்று, மீண்டும் பிரேஷாவை அடையும் 'மில்லே மில்யா' என்ற பந்தயம் 1927-இல் ஆரம்பமாயிற்று. ஆயிரம் மைல் என்பது அப்பெயரின் பொருள். ஊர்களின் நடுவேயுள்ள சாதாரணச் சாலைகளே பந்தயக் களம். 1955-இல் ஸ்டர்லிங் மாஸ் என்னும் ஆங்கிலேயர் அத்தூரத்தைப் பத்து மணி ஏழு நிமிடங்களில் கடந்தார். இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1957-இல், வண்டியொன்றின் டயர் வெடித்து, ஓட்டியவரும் உடனிருந்தவரும் சாலையோரம் நின்ற பார்வையாளர் ஒன்பதின்மரும் மாண்டனர். அவ்வொன்பதின்மரில் குழந்தைகளும் இருந்தனர். பந்தயம் அத்துடன் முடிவுற்றது.

1977 முதல் அதே பெயரில் நடைபெறும் பிரயாணம் வேறு வகைப்பட்டது. அக்காலத்துப் பழைய வண்டிகளே அதில் கலந்துகொள்ளும். முந்திச் சென்றவருக்கு அதில் வெற்றியில்லை. குறித்த இடத்தைக் குறித்த நேரத்தில், முன்னும் பின்னுமின்றிக் கடந்தவருக்கே வெற்றி. இன்று ஐரோப்பாவில் பழைய வண்டிகளில் நெடுந்தூரம் செல்வோர் பெரும்பாலும் இம்முறையையே விரும்புகின்றனர். வண்டி முதிர்ந்த பின் அதனிடம் கேட்கத்தக்கது வேகமன்று, நிதானமே என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

இனி, வழியில் வண்டிக்கு நேரும் சோதனைகளைப் பார்ப்போம். அவற்றுள் முதன்மையானது மலை.

கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளை நம்மவர் பலர் அறிவர். இத்தாலியின் வட எல்லையில் ஸ்டெல்வியோ என்னும் கணவாய் இருக்கிறது. 1820-களில் அமைக்கப்பட்ட அச்சாலை, ஒரு பக்கத்தில் மட்டும் நாற்பத்தெட்டு வளைவுகளைக் கொண்டது. அதன் உச்சி 2,757 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாவைவிட உயரம். ஏறும்போது எஞ்சின் தன் முழு வலிமையையும் காட்டுகிறது. வண்டியோ மெதுவாகச் செல்வதால் முன்னாலிருந்து வரும் காற்று குறைகிறது. அத்துடன், உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் நீர் கொதிக்கும் நிலையும் தாழ்கிறது. அந்த உச்சியில் திறந்த பாத்திரத்து நீர் 91 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்த மூடியில்லாத பழைய ரேடியேட்டர்கள் மலையுச்சியில் ஆவி கக்குவது இதனால்தான். அனுபவமுள்ளவர் பாதி வழியில் நிறுத்தி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு ஆறச் செய்வர். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கமாட்டார்.

ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. பழைய வண்டிகளின் பிரேக்குகள் உருளை வடிவானவை. உருளைக்குள் இரண்டு பட்டைகள் விரிந்து உராய்ந்து சக்கரத்தைத் தடுக்கின்றன. நெடிய இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் உருளை சூடேறி விரிந்து பட்டையை விட்டு விலகுகிறது. பட்டையும் தன் பற்றும் ஆற்றலை இழக்கிறது. குழாயிலுள்ள திரவம் கொதித்தால் மிதி அப்படியே தரையில் அமிழ்ந்துவிடுகிறது. ஆகவே, எந்தக் கியரில் ஏறவேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும். வண்டியை எஞ்சினே பிடித்து நிறுத்த, பிரேக்கு இடையிடையே மட்டும் உதவவேண்டும். மலைச்சாலை லாரி ஓட்டுநர் எவரும் அறிந்த விதி இது.

இதை நாம் விளக்கியபோது பெரியவர் முறுவலித்தார். சுரங்கத்தில் மனிதர் நிறைந்த கூண்டை வடத்தில் கட்டி இறக்கும் யந்திரத்திற்கும் அதே விதிதான் என்றார். "மேலே தூக்குவது பெரிதன்று, கீழே இறக்கும்போது அடக்கிப் பிடிப்பதுதான் பெரிது. அந்தப் பிரேக்கை நாங்கள் நாள்தோறும் சோதித்த பிறகே முதல் கூண்டு இறங்கும்" என்றார். ஸ்டெல்வியோவை அவர் பார்த்ததில்லை. ஆனால் அதில் இறங்குவோர் அறியவேண்டியது அனைத்தும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது சோதனை எரிபொருள். முன்னாளில் பெட்ரோலில் ஈயச் சேர்மானம் கலந்திருந்தது. அது வால்வுகள் அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. மக்களின் உடல்நலம் கருதி இந்தியாவிலும் ஐரோப்பியக் கூட்டமைப்பிலும் 2000-ஆம் ஆண்டில் அது விலக்கப்பட்டது. பழைய எஞ்சினைத் திறந்து, அவ்விடத்தில் கடினமான உலோக வளையங்களைப் பொருத்துவது அதற்கு மாற்று. பின்னர் எத்தனால் வந்தது. இங்கிலாந்தின் வழக்கமான பெட்ரோலில் 2021 முதல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தியாவில் அது இருபது விழுக்காட்டை எட்டியுள்ளது. பழைய ரப்பர்க் குழாய்கள் எத்தனாலால் இளகி வெடிக்கும். சூடான எஞ்சின்மேல் ஒரு துளி கசிந்தாலும் தீ மூளலாம். ஆதலின், புறப்படுமுன் எரிபொருட் குழாய்களை எல்லாம் புதிய வகைக்கு மாற்றுதல் இன்றியமையாதது. இச்செலவில் சிக்கனம் காட்டுதல் கூடாது.

மூன்றாவது சோதனை காகிதங்களால் ஆனது. வேற்றுநாட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகும் இந்தியர் 'கார்னே' என்னும் சுங்கப் புத்தகத்தைப் பெறுதல் வேண்டும். வண்டியை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொணர்வோம் என்பதற்கு அது பிணை. எல்லையில் நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. ஒன்று விடுபட்டாலும் பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அந்தந்த நாட்டில் செல்லத்தக்க காப்பீடு, வண்டியின் பின்புறம் நாட்டைக் குறிக்கும் மூன்றெழுத்து அடையாளம் ஆகியனவும் வேண்டும். புகை மிகுந்த வண்டிகளுக்கு ஐரோப்பிய நகரங்கள் பல கட்டணமோ தடையோ விதிக்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திர வண்டிகளுக்கு இலண்டன் மாநகரம் விலக்களிக்கிறது. நம் நாட்டிலும் 2021-இல் விதிகள் திருத்தப்பட்டன. முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டுகள் கடந்து, பழைய வடிவம் மாறாதிருக்கும் வண்டி 'விண்டேஜ்' என்று தனியே பதிவு பெறும். அவ்வாறு பதிவு பெற்றதைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஓட்டலாம். அன்றாட உபயோகத்திற்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது.

இவ்வளவு தொல்லையுடன் பழைய வண்டியை ஏன் சாலைக்குக் கொணரவேண்டும், கண்ணாடி அறையில் வைத்துப் போற்றலாகாதா என்று சிலர் வினவலாம். யந்திரத்தின் இயல்பு அதற்கு இடந்தரவில்லை. ஓடாத வண்டியே விரைவில் கெடுகிறது. பிரேக்குத் திரவம் ஈரத்தை உறிஞ்சி உட்குழாய்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது. ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கின்றன. உருளைக்குள் எண்ணெய்ப் படலம் வடிந்து இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்கின்றன. டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிடப் பத்தாண்டுகள் நின்ற வண்டியைப் பிழைக்க வைப்பது கடினம் என்பது மெக்கானிக்குகளின் அனுபவம்.

இவ்வுண்மைக்குத் தங்கவயலே பெருஞ்சான்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து தொடங்கிய பெருமுயற்சி, நூற்றிருபது ஆண்டுகள் தொடர்ந்தது. சிவசமுத்திரத்து அருவியிலிருந்து 1902-இலேயே மின்சாரம் பெற்ற இடம் அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பொறிகள் நின்றன. ஆழத்து வழிகளில் நீர் நிறைந்தது. வடங்கள் துருவேறின. யந்திரங்களோடு ஒரு கல்வியும் நின்றது. லேத்துப் பட்டறையில் கடைந்து, அரத்தால் இழைத்து, மரை வெட்டி, எந்த நாட்டு யந்திரத்திற்கும் உறுப்புச் செய்துதரும் திறன் அவ்வூரில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. இன்று பெரியவரின் மகன், அவ்வூர்ப் பல்லாயிரவரைப் போலவே, விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்புகிறார். அவர் பார்க்கும் வேலை வேறு. தந்தையின் கருவிப் பெட்டி வீட்டில் பூட்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் நிலைமை சற்று வேறாக இருப்பதற்குக் காரணம் செல்வம் மட்டுமன்று. அங்கே பழைய வண்டி வைத்திருப்போர் சங்கங்கள் அமைத்து, வரைபடங்களையும் பழுதுபார்க்கும் முறைகளையும் அச்சிட்டுக் காத்துவருகின்றனர். எம்.ஜி. வண்டியாளர் சங்கம் 1930-இலேயே தோன்றியது. தொழிற்சாலை மூடிய பின்னும் அவ்வண்டிகளுக்கு உறுப்புகள் செய்யப்படுகின்றன, 1988-இல் எம்.ஜி.பி. என்னும் வகைக்கு முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளைக் கொண்டு மீண்டும் செய்யத் தொடங்கினர். கைக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதி வைத்தமையால், கை ஓய்ந்த பின்னும் வண்டி ஓடுகிறது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம், யந்திர நூல்களுக்குத் தமிழ்ச்சொல் தேடி அகராதிகளைப் புரட்டியதுண்டு. அன்று பெரியவர் பேசிய ஒரு மணி நேரத்தில், அகராதிகளில் நாம் காணாத சொற்கள் பல வந்து விழுந்தன. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, உள்ளே எந்தப் பேரிங்கு தேய்கிறது என்று கண்டறிவதை அவர் செய்து காட்டினார். எந்த ஒலி நலம், எந்த ஒலி நோய் என்பதற்கு அவரிடம் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அவற்றை நாம் குறித்துக்கொண்டோம். எனினும் ஒரு மணி நேரத்தில் குறிக்கக்கூடியது எவ்வளவு?

விடைபெறும்போது, அவர் கேள்விக்கு நாம் கண்ட விடையைக் கூறினோம்: புறப்பட்டவர்கள் முதலில் தங்கள் கையை நம்பினர், அது போதாதபோது, வழியிலுள்ள ஏதோ ஓர் ஊரில் உங்களைப் போன்ற ஒருவர் இருப்பார் என்று நம்பினர். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இருக்கும்வரை சரிதான்" என்றார்.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களுள், தங்கவயலிலோ இரயில்வே பணிமனைகளிலோ ஆலைகளிலோ உழைத்த முதியோரைப் பெற்றோர் பலர் இருப்பீர்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அவர்களிடம் பூட்டியிருக்கும் கருவிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவியின் பெயரையும், அதைப் பிடிக்கும் முறையையும் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பழைய வண்டியோ ஐரோப்பியப் பிரயாணமோ தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும்.